வளைந்து போகிறவர்கள்

வூட்ஜ் என்றால் எங்கள் மொழியில் படகு.
நகராட்சிச் சின்னத்தில்கூட ஒரு படகு உண்டு, துடுப்போடு.
ரயிலிறங்கும் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்,
ஆறு எந்தப் பக்கம்?
கீழே, என்போம்.
ஆலைகள் கொழுத்த காலத்தில்
சாயமும் நாற்றமுமாய் ஓடியவற்றைக்
குழாய்க்குள் தள்ளி மூடிவிட்டார்கள்.
எந்தக் கிளை எங்கே போகிறதென்று
எல்லாம் யாருக்கும் நினைவில்லை.

பூங்காவின் மேற்கு மூலையில் ஐந்து புதுத் தோட்டங்கள்.
மார்ச்சில் பணம் ஒதுக்கினார்கள், ஏப்ரலில் வரைபடம் வந்தது:
நடுவில் ரோஜாவுக்கு ஒன்று, மூலிகைக்கு ஒன்று,
கண் தெரியாதவர்கள் முகர்ந்து நடக்க ஒன்று,
பிள்ளைகள் மண்ணைக் கிளற ஒன்று.
ஐந்தாவது கட்டத்தில் ‘பிறகு’ என்று எழுதியிருந்தது.
எல்லாவற்றுக்கும் ஊடே
அளவுகோல் வைத்து இழுத்த ஒரு சரளைப் பாதை.
வரைந்தவர் செவெரின், நல்ல மனிதர்,
மண்வேலைக்கும் வெள்ளை ஷூ போட்டு வருகிறவர்.

அங்கே முன்பே ஒரு பாதை இருந்தது.
யாரும் போட்டதல்ல.
டிராம் நிறுத்தத்திலிருந்து பிரசவ ஆஸ்பத்திரிவரை
புல்லைத் தேய்த்தே உண்டான ஒற்றையடிப் பாதை.
பாதி தூரம் நேராக வந்து,
தூங்கும் நாயைத் தாண்ட மனமில்லாதது போல
ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றி வளைந்து
மறுபடி நேராகும்.
“குறுக்குவழி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்,
சுற்றுவழி யார் போடுவார்கள்?” என்றார் செவெரின்.
நானும் பெலாகியாவும்
புல்விதை தூவி அதை மூடினோம்.

சரளையில் யாரும் நடக்கவில்லை.
காலையில் வந்தால் லாவண்டர் மிதிபட்டுக் கிடக்கும்,
அதே வளைவில்.
கயிறு கட்டினோம். பலகை வைத்தோம், ‘தயவுசெய்து’ சேர்த்து.
ஒருநாள் ஐந்தரை மணிக்கே வந்து காத்திருந்தேன்.
இரவுப் பணி முடிந்த மருத்துவச்சி ஒருத்தி,
பெயர் குனெகுண்டா என்று சட்டையில் இருந்தது,
கயிற்றை ஒரு காலால் அமுக்கி மறுகாலால் தாண்டினாள்.
அதோ நல்ல பாதை இருக்கிறதே, என்றேன்.
சரளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
“தெரியலை. கால் இப்படித்தான் போகுது.”
எட்டுப் பிள்ளைகளை இரவோடு இரவாக
உலகத்துக்கு இறக்கிவிட்டு வருகிறவளிடம்
அதற்குமேல் என்ன கேட்க?

செப்டம்பர் மழையில்
நடுத் தோட்டத்து ரோஜாக்கள் அடியிலிருந்து மஞ்சளாயின.
சரளை ஓரிடத்தில் மட்டும் குழிந்தது.
ஒரு செடியைப் பிடுங்கினேன்:
வேர் கறுத்து, உலராத துணியின் வாடை.
பெலாகியா இரண்டடி தோண்டினாள்.
குழிக்குள் தண்ணீர் வந்தது,
அவசரமில்லாமல், தன் வீட்டுக்கு வருவது போல.
பெலாகியா குப்புறப் படுத்துக் காதை வைத்தாள்.
கேட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஈரத்தின் விளிம்பு நெடுகக் குச்சி நட்டுக்கொண்டே போனோம்.
இருபதாவது குச்சியில் எனக்குப் புரிந்துவிட்டது,
முப்பத்தாறுவரை நட்டோம்.
அதே வளைவு.
சங்கு ஊதுமுன் ஆலைக்கு ஓடியவர்கள்,
வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தவர்கள்,
யாரோ ஒருவர் முதலில் சேற்றுக்கு ஒதுங்கியிருக்கிறார்.
சேறு மறைந்த பிறகும்
முன்னால் போனவர் வளைந்தார் என்று
பின்னால் வந்தவர் வளைந்தார்.
ஆற்றை மறந்த ஊரில்
குதிகால்கள் மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் செவெரின் ரப்பர் பூட்ஸில் வந்தார்.
குச்சிகளை வெகுநேரம் பார்த்தார்.
வரைபடத்தை என் முதுகில் விரித்து
‘பிறகு’ என்பதை அடித்தார்,
ரோஜா என்பதையும் அடித்தார்;
பேனா முதுகில் குத்தியது, நான் அசையவில்லை.

இப்போது அந்தப் பள்ளத்தில் கோரையும் நீல ஐரிஸும்.
முழங்கால் உயரத்துக்கு ஒரு வில்லோ,
பிழைக்குமா தெரியாது.
சரளையை அள்ளி வளைவில் கொட்டினோம்.
குனெகுண்டா பாதிக்கண் மூடியபடி அதில் போகிறாள்;
ஏதோ மாறியிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

பிடுங்கிய ரோஜாக்களைக் கிடங்கில் கணக்குக் கொடுக்க வேண்டும்.
இரண்டு குறையும்.
பெலாகியாவின் பை அன்று ஏன் அவ்வளவு கனத்தது என்று
நான் கேட்கவில்லை.