களிம்பு

நாற்பது சென்டிமீட்டர்.
அதற்குமேல் குழாய் இறங்கவில்லை.
"பழைய படகு ஏதாவது கிடக்கும்" என்றார் பெக்ரே,
நான் கேட்காமலே.

அபிஜானில் காலை ஆறரை.
பாலத்தின்மேல் பேருந்துகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருக்க
பியெட்ரி வளைகுடாவில் தண்ணீர் அசையவில்லை.
கட்டடங்கள் தலைகீழாக நின்று முகம் பார்க்கின்றன.
கண்ணாடி என்றால் பின்னால் ரசம் இருக்க வேண்டும்.
இதற்கும் இருக்கிறது,
அடியில்.

சேறு மேலே வந்ததும் அழுகிய முட்டை நாற்றம்.
இரண்டிரண்டு சென்டிமீட்டராக அறுத்தேன்,
சோப்புக் கட்டியை அறுப்பதுபோல.
கடைசித் துண்டில் மணல், சிப்பி, வேறொன்றுமில்லை.
நடுவில் எங்கோ ஈயம் தொடங்குகிறது.
பன்னிரண்டில்
ஒரு தண்ணீர்ப் பாக்கெட்,
கிழியாமல், மூலையைக் கடித்த பல்தடத்தோடு.

மேல் ஆறு சென்டிமீட்டரில்
பாதரசம் திடுமென எழுந்து நின்றது.
மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நின்றது.
வடக்கே பொன் சலிக்கிறார்கள், ஆறு கொண்டுவருகிறது
என்றார் இயக்குநர்.
மருத்துவமனைக் கழிவு என்றார் இன்னொருவர்.
இரண்டையும் எழுதிக்கொண்டு கை கழுவப் போனேன்.

குழாயடிக் கண்ணாடியில்
வெளுத்த ஒரு முகம்.
விரல்கணுக்கள் மட்டும்
பிறந்த நிறத்தை விடமாட்டேன் என்கின்றன.

கல்யாணப் புகைப்படத்துக்காகத் தொடங்கியது.
அட்ஜமே சந்தையில் ஓசுவா கொடுத்த டப்பா,
உள்ளே என்ன என்று எந்த மொழியிலும் எழுதாத டப்பா.
நான் சோதித்திருக்கலாம்.
கருவி என் மேசைக்கு எதிரே இருக்கிறது.
ஏழு வருடமாக இருக்கிறது.
ஏழு வருடமாகக் காலையில் கழுவிக்கொண்டு
வேலைக்கு வந்து
சேற்றை அளந்திருக்கிறேன்.

செம்பில் ஏறுவதும் களிம்பு,
முகத்தில் பூசுவதும் களிம்பு.
செம்புக்காவது புளி இருக்கிறது.

மாலையில் பெக்ரே போன் செய்தார்.
"கெளுத்தியைத் தின்னலாமா கூடாதா?"
அவர் பின்னால் எண்ணெய் சடசடத்தது.
ஒரு எண் சொன்னேன்.
"அது ஆமாவா, இல்லையா?"
பெரியதை விடுங்கள், சின்னதைத் தின்னுங்கள்,
பெரியது ஆயிரம் சின்னதைத் தின்றிருக்கும் என்றேன்.
"சின்னதை விற்றுத்தான் எண்ணெய் வாங்கினேன்" என்று
வைத்துவிட்டார்.

இரவு டப்பாவைத் திறந்து
பட்டாணி அளவு எடுத்துக் குப்பியில் இட்டேன்.
மாதிரி எண் போட்டேன், தேதி போட்டேன்.
'எடுத்த இடம்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு என் வீட்டு முகவரியை,
கதவு எண் உட்பட.