பன்னிரு தோளன் படத்துக்குக் கீழே

நோர்வூட் தாண்டி மூன்றாவது வளைவில்
சுமனதாச பிரேக் போட்டான். குறுக்கே ஒரு மாடு.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்த உடம்பு முன்னால் போனது,
கூரைக் கம்பியைப் பிடித்திருந்த வலது கை
பின்னாலேயே நின்றது.
உள்ளே 'டக்'கென்று ஒன்று. எனக்கு மட்டும் கேட்டது.
மாடு நிதானமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அன்றைக்குப் பஸ் கணக்குச் சரி.
இரவுக் கணக்குத்தான் பிழைத்தது.
வலப்பக்கம் படுத்தால் தோளுக்குள் யாரோ ஆணி திருகுகிறார்கள்.
இடப்பக்கம் படுத்தால் கை மார்பின் குறுக்கே விழுந்து
தன் பாரத்தைத் தானே இழுக்கிறது.
தகரத்தில் மழை. மணி இரண்டு.
கக்கத்தில் தலையணையை மடித்து வைத்துச்
சுவரோடு சாய்ந்திருந்தேன்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி.

நாவலப்பிட்டி வெதமாத்தயாவின் எண்ணெயைச்
செல்வமலர் சூடாக்கித் தேய்த்தாள்.
'கொண்டக்டர் வாறாரு' என்று
கண்ணை மூடியபடியே காசு நீட்டினார்கள், அவ்வளவு வாசனை.
சூடு தோலோடு நின்றுவிட்டது.
அதற்கு மேல் போக அதனிடம் டிக்கட் இல்லை.

சட்டை போட ஒரு முறை உண்டு, தெரியுமா?
நோகிற கைக்கு முதலில்.
கழற்றும்போது அதற்குக் கடைசியில்.
முதுகு அரித்தால் கதவுநிலை.
தலை வாருவது செல்வமலர்;
அவள் வகிடெடுத்த பக்கம் மாறிப்போய்க்
கண்ணாடியில் யாரோ ஒரு கிளாக்கர்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா
எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் படம் கீறினார்.
எலும்பு உருண்டை. அதைக் கவ்விக்கொண்டு நாலு தசைநார்.
மேலே இருப்பதில் பாதிக் கிழிசல்.
'வெட்டணுங்களா?'
'இப்ப வேணாம். ஊசி போட்டா வலி கொஞ்சம் அடங்கும்,
கிழிசலுக்கு ஊசி தைக்காது.
மூணு மாசம் பயிற்சி செய்ங்க.
அதுக்கும் கை ஏறாட்டி கண்டிக்கு எழுதித் தாறேன்.
ஒப்பரேசன்னா ஆறு கிழமை கைய கட்டித் தொங்கப்போடணும்.'
ஆறு கிழமை.
பஸ் முதலாளி ஆறு நாள் பொறுப்பார்.
'தானா ஒட்டுமா?'
'ஒட்டாமலும் இருக்கும்.
பக்கத்துல உள்ளதுக பலமாச்சுன்னா அதுக தாங்கும்.'

மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து
வலக்கையைத் தொங்கவிட்டு ஆட்டுகிறேன்:
கோயில் மணியின் நாக்கு, மணி இல்லாமல்.
ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூப்,
இழுத்து விட, இழுத்து விட.
பிறகு சுவரில் விரல்களை நடத்த வேண்டும்.

சுவரில் நகைக்கடைக் கலண்டர். மயில்மேல் முருகன்.
முதல் நாள் விரல்கள் தேதிக் கட்டைக்கே ஏறவில்லை.
பத்தாம் நாள் மயிலின் நகம்.
அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்:
பன்னிரண்டு தோள் உனக்கு,
எந்தப் பக்கம் படுத்தாலும் ஆறு நோகுமே, அப்பனே,
எப்படித்தான் தூங்குகிறாய்?
அவன் சிரித்தபடியே இருந்தான். அச்சடித்த சிரிப்பு.

நடுவில் டைம்கீப்பர் மரியசூசை போய்விட்டார்.
லயத்து ஒற்றையடிச் சரிவில் பெட்டியைத் தூக்கும்போது
'தோள் குடுக்க வாங்கப்பா' என்றார்கள்.
பெட்டிக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் இடம் காலி.
அங்கே நின்றால் வலது தோள்தான் கொடுக்க வேண்டும்.
நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எதிர்ப்பக்கத்திலிருந்து சுமனதாச
ஒன்றும் பேசாமல் இந்தப் பக்கம் வந்தான்.
அவன் விட்ட இடத்தில் என் இடது தோள்.
மனுஷன் நாங்கள் நினைத்ததைவிடப் பாரம்.

இன்று விரல்கள் வேலின் தண்டு வரை.
இடக்கையால் ஒரு தாள் கிழித்துவிட்டு
ஐந்து பத்து பஸ்ஸுக்கு இறங்கினேன்.
மூன்றாவது வளைவு. கம்பியைத் தொடவில்லை,
இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டு
'பிடிச்சுக்குங்க' என்றேன் எல்லாருக்கும்.
'நீங்க பிடிச்சுக்குங்க மாமா' என்றது
முன்சீட்டில் ஒரு வெள்ளைச் சீருடை,
புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.