நான்கு வரி

கொலம்பஸ் நகரத்து ஞாயிறு நாளிதழில்
பழைய கார்களுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் நடுவே
நான்கு வரி இடம் வாங்கினேன்.
மென்பொருள் பொறியாளர் தேவை.
விண்ணப்பங்களைத் தபாலில் மட்டும் அனுப்பவும்.

தேவை என்பது பொய்.
அந்த நாற்காலியில் ஐந்து வருடமாக
நிலோத்பல் பருவா உட்கார்ந்திருக்கிறார்,
முதுகுக்கு ஒரு நீலத் தலையணை வைத்து.
தாலி கட்டி ஐந்து வருடம் கழித்துக் கொடுக்கிற
மணமகன் தேவை விளம்பரம் இது.

சட்டம் கேட்கிறது:
இந்த வேலைக்கு இந்த நாட்டில் ஆளே இல்லையா?
தேடினோம், இல்லை என்று நாங்கள் எழுதித் தந்தால்தான்
பருவாவின் காகிதம் வரிசையில் நிற்கவாவது போகும்.
தேடாமல் தேடுவது என் உத்தியோகம்.
பதினோரு வருட அனுபவம்.

யாரும் பதில் போடுவதில்லை.
இந்தக் காலத்தில் தபால்தலை யார் வாங்குகிறார்கள்?

மார்லீன் கோவாச் வாங்கியிருக்கிறார்.
சிவப்புக் குருவி படம் போட்ட தபால்தலை,
நேராக ஒட்டியிருந்தது.
வயது ஐம்பத்தெட்டு.
ஒரே காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தேழு வருடம்.
கடைசி மூன்று மாதப் பணி என்று அவரே எழுதியிருந்தார்:
எனக்குப் பதிலாக வந்த இருவருக்குப் பயிற்சி.
அதற்குக் கீழே, கேட்காமலே,
நல்ல பிள்ளைகள்.

தகுதிப் பட்டியலைப் பருவாவுக்கு
அளவெடுத்துத்தான் தைத்திருந்தோம்.
அந்தச் சட்டை
இந்த அம்மாளுக்குத் தோளில்கூடச் சுருக்கமில்லாமல் பொருந்தியது.

ஏதாவது குறை இருக்கும், பார்
என்றார் வழக்கறிஞர் டுவைட்.
பார்த்தேன்.
இரண்டு இரவு பார்த்தேன்.

நேர்காணலுக்குப் பனிக்காலணியோடு வந்தார்.
வரவேற்பறை மூலையில் குனிந்து
பையிலிருந்த கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டார்.
காபி இயந்திரம் அவரை மதிக்கவில்லை.
அந்த வழியாக வந்த பருவா
அதன் விலாவில் ஒரு தட்டுத் தட்டிக் கோப்பையை நீட்டினார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள்,
நள்ளிரவில் நின்றுபோகும் ஒரு பழைய நிரலைப் பற்றி
என்று பிறகு பருவா சொன்னார்.
யார் அவர், கெட்டிக்காரராக இருக்கிறாரே,
நம் குழுவுக்கா?

வாஷிங்டனில் வசந்தம்தோறும் ஒரு மசோதா பூக்கிறது.
குலுக்கலை நிறுத்து, சம்பளத்தில் உயர்ந்தவனைக் கூப்பிடு
என்கிறது ஒன்று.
கட்டணத்தை ஏற்று என்கிறது மற்றொன்று.
காய்ப்பதற்குள் சபை கலைந்துவிடுகிறது.
என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால்
அலமாரியைத் திறந்து காட்டுவேன்.
பருவாவின் விசா அவர் சட்டைப்பையில் இல்லை,
எங்கள் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.
அதனால்தான் மூன்று வருடமாக அவர் சம்பளம் அசையவில்லை,
அவரும் வாய் திறக்கவில்லை.
வாய் திறக்காதவன் மலிவு.
அந்த மலிவைப் பார்த்த பிறகுதான்
மார்லீனுக்குக் கேக் வெட்டி வழியனுப்புகிறார்கள்.
சாவியை அவர் கையில் கொடுங்கள்,
மீதியை அப்புறம் பேசலாம் என்பேன்.

படிவத்தில் ஒரு கட்டம்:
தகுதியான உள்நாட்டு விண்ணப்பதாரர்கள், எண்ணிக்கை.
எப்போதும் பூச்சியம் போடும் இடம்.
ஒன்று என்று எழுதினேன்.

உண்மை யாருக்காவது உதவும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

பருவாவின் விண்ணப்பம் வாபஸ்.
அவருக்குப் பதினான்கு மாதம் மிச்சம்.
மகள் பள்ளியில் வயலின் சேர்ந்திருக்கிறாள்,
வாடகை வயலின், மாதக் கணக்கு.
மார்லீனுக்கு ஒரு கடிதம் போக வேண்டும்:
அப்படியொரு காலியிடம் தற்போது இல்லை.
அது மட்டும் உண்மை. எப்போதும் உண்மையாகத்தான் இருந்தது.

நான்தான் தட்டச்சு செய்தேன்.
மின்னஞ்சல் போதும் என்றார்கள்.
மதியம் சாப்பாட்டு நேரத்தில்
பனியில் இரண்டு தெரு நடந்துபோய்
ஒரு தபால்தலை வாங்கினேன்.
குருவி இல்லை, தீர்ந்துவிட்டது.
கொடி போட்டதுதான் இருந்தது.