எண்பத்து மூன்றுக்கு அச்சு இல்லை

கப்பலூரில் கடல் இல்லை.
சிட்கோவின் கடைசித் தெருவில்
எங்கள் ரப்பர் கம்பெனி.
கார்வெட் என்றால் சின்னப் போர்க்கப்பலாம்,
டெஸ்பாட்ச் இன்னாசி சொன்னான்.
அந்தக் கப்பலுக்கும் கடல் இல்லை,
அமெரிக்காவில் ரோட்டில்தான் ஓடுகிறது.

நான் அதைப் பார்த்ததில்லை.
கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே
மழை நுழையப் பார்க்கும் இடைவெளி மட்டும் தெரியும்.
சில வருடத்துக்கு ஏழு மில்லிமீட்டர், சிலதுக்கு ஒன்பது.
ஆளையே காணாமல் காஜா எடுத்து எடுத்து
ஒருவனின் உடம்பு பெருத்ததையும் இளைத்ததையும்
கண்டுபிடிக்கிற மாதிரி.

ஐம்பத்து மூன்றின் ரேக்கில் சரக்கு குறைவு.
வெளியே கைப்பிடி இல்லை,
ஏற்றி இறக்கக் கண்ணாடி இல்லை,
எல்லாம் வெள்ளை, மொத்தமே முந்நூறு வண்டி.
முதல் ஈடு இட்லி அப்படித்தான் இருக்கும் என்றாள்
பாண்டிப்பிரியா.

அறுபத்து மூன்றில் திருக்கை மீனின் பெயர் வைத்தார்கள்.
பின்கண்ணாடிக்கு நடுவே வகிடு எடுத்தார்கள்,
இரண்டு கண்ணாடி, இரண்டு பீடிங்.
பின்னால் வருவது தெரியவில்லை என்று
மறுவருடமே வகிட்டை அழித்தார்கள்.
அன்றைக்கு அதை அறுத்து எறிந்தவர்களின் பிள்ளைகள்
இன்றைக்கு எங்களிடம் கேட்கிறார்கள்,
அந்த ஒரு வருடம் கிடைக்குமா என்று.

அதே வருடம் கண்ணையும் மூடிக்கொண்டது.
பகலெல்லாம் விளக்கு உள்ளே, இருட்டினால் புரண்டு எழும்.
நாற்பத்திரண்டு வருடம் கழித்துத் திறந்த கண்ணை
அப்புறம் மூடவே இல்லை.
மீனாட்சியின் ஊரில் இதற்கு
யாரும் ஆச்சரியப்படவில்லை.

பிறகு இடுப்பு ஒடுங்கியது. கூரையைக்கூட
இரண்டு பலகையாகக் கழற்றலாம் என்றார்கள்.
கழற்றினது திரும்பப் பொருந்தவில்லை. ஒழுகியது.
எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஒழுகல்தான்.

போன ஆடியில், நைட் ஷிஃப்ட்டில்,
ஓஹாயோவிலிருந்து ஒரு ஆர்டர்:
எண்பத்து மூன்று, கதவு பீடிங், எட்டு செட்.
ரேக்கில் எண்பத்திரண்டு இருந்தது.
எண்பத்து நாலு இருந்தது.
நடுவில் சுவர் இருந்தது.
சூப்பர்வைசர் ஜெபமணி என்னைப் பார்த்தார்.
அச்சு தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
ஸ்கிராப் குவியலைக் கிளறினோம்,
கை கரி, மூக்கு கரி,
கோழி கூவியும் கிடைக்கவில்லை.

ஏழு மணிக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது.
ஏழு எட்டாகிவிட்டதாம், தட்டச்சுப் பிழை.
எண்பத்து மூன்றில் அந்த வண்டி
விற்பனைக்கே வரவில்லையாம்.
பழைய உருவத்தை நிறுத்திவிட்டார்கள்,
புதியது தயாராகவில்லை.
அவ்வளவுதான்.

என் பயோடேட்டாவில்
இரண்டாயிரத்துப் பதினொன்று இல்லை.
இன்டர்வியூவில் அதே ஜெபமணி
விரல் வைத்துக் கேட்டார், இங்கே என்னம்மா என்று.
வீட்டில் இருந்தேன் என்றேன். பாதி உண்மை.
இனி யாராவது கேட்டால்
மாடல் மாறிக்கொண்டிருந்தது என்று சொல்வேன்.

இப்போது இஞ்சினைத் தூக்கிப்
பின்னால் வைத்துவிட்டார்களாம்.
அதற்கு அறுபத்தேழு வருடம் ஆகியிருக்கிறது.
இன்னாசி போனில் காட்டினான்,
மஞ்சள் நிறம், தரையோடு தரையாக,
பாய்வதற்கு முன் பதுங்கியது போல.
‘ஷேர் ஆட்டோக்கு மொதல்லருந்தே பின்னாலதான்’
என்றாள் பாண்டிப்பிரியா.

ஷிஃப்ட் முடிந்து அதில்தான் ஏறினோம், ஒன்பது பேர்.
முதுகுக்குப் பின்னால் இஞ்சின் சூடு.
திருநகர் தாண்டும்போது மழை பிடித்தது.
கதவே இல்லாத வண்டி,
எங்கள் ரேக்கில் எந்த வருடமும் இதற்குப் பொருந்தாது.
டிரைவர் எட்டிக் கையை விட்டு
சுருட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார்.
அது படபடத்தது.
ஓரத்தை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்,
பசுமலை வரை.