நிற்கும் கால்

முப்பத்தெட்டு கெஜம்.
அதற்குமேல் ஓர் அடி போகமாட்டேன் என்கிறது பந்து.

கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் பொட்டல்.
விளக்கில்லாத இரண்டு விளக்குக் கம்பம்,
பத்தடி உயரத்தில் குறுக்கே ஒரு தேங்காய்க் கயிறு.
கயிற்றுக்கு மேலே போனால் மூன்று புள்ளி.
கயிற்றிலேயே பட்டால்
நவ்ஷாத் ஏறி மறுபடி கட்டவேண்டும்.

உதைப்பவன் டில்லிபாபு.
எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வேலை.
கடையில் கெஜக்கோல் பரணேறி வெகுகாலம்.
"இன்னும் கெஜத்துல அளக்கறது ரெண்டே பேருடா,
மடிசார் மாமியும் அமெரிக்காக்காரனும்" என்பான்.
வியாசர்பாடியில் உருண்டைப் பந்து ஆடி வளர்ந்த கால்,
இந்தப் பலாக்கொட்டையிடம்
மூன்று வருஷமாய் மல்லுக்கு நிற்கிறது.

நான் பந்தைப் பிடிப்பவன்.
நவ்ஷாத் குனிந்து கால்களுக்கிடையே எறிவதை
வாங்கி, மண்ணில் நட்டு,
தையலை முன்பக்கம் திருப்பி,
உச்சியில் ஒரு விரல் வைப்பேன்.
விரல் இரண்டு முறை பிசகியிருக்கிறது.
இன்னும் வைக்கிறேன்.

தூரத்துக்காக அவன் படாத பாடில்லை.
கிழிந்த சைக்கிள் டியூபைக் கேட்டில் கட்டித்
தொடையில் மாட்டி இழுத்தான்.
பேசின்பிரிட்ஜ் படிக்கட்டை ஒற்றைக் காலில் ஏறி
போலீஸ்காரரிடம் திட்டு வாங்கினான்.
முட்டை தின்றான், தின்றதைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.
பந்து உயரப் போனது.
உயரமாய்ப் போய், சலித்து, கயிற்றுக்கு முன்னால் விழுந்தது.
குணசீலன் செல்போனில் மெதுவாய் ஓட்டிக் காட்டி
இடுப்பு திரும்பலை என்றான்.
இடுப்பைத் திருப்பினான்.
பந்து இடப்பக்கம் போய் ஒரு எருமையைத் தொட்டது.

எல்லோரும் உதைக்கும் காலைப் பார்த்தார்கள்,
பிறகு பந்தை, பிறகு வானத்தை.
மண்டியிட்டிருப்பவனுக்கு வானம் கிடையாது.
பந்துக்கு அந்தப் பக்கம் வந்து விழும்
இடது கால்தான் எனக்குத் தெரியும்.
அது பந்தோடு வந்து நிற்கவில்லை.
ஒரு சாண் பின்னால்,
கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றது.
மூன்று வாரம் சொல்லவில்லை நான்.
உதைக்கத் தெரியாதவன் சொல்லி யார் கேட்பது.

மகளுக்கு யூனிபார்ம் துணி எடுக்கக்
கடைக்குப் போனபோது
கல்லாவுக்கு எதிரே அவன் நின்றிருந்தான்.
உடம்பு முழுக்க இடது காலில்.
வலதைக் கீழ்ப்பலகையில் தூக்கி வைத்து
ஓய்வு கொடுத்திருந்தான், பத்திரமாய்.
காலை பத்திலிருந்து இரவு பத்து வரை.
ஸ்டூல் இருந்தது, அதன்மேல் பூனம் சேலை அடுக்கியிருந்தது.
"உக்காரக் கூடாதா?"
"உக்காந்தா மொதலாளி மொறைப்பாரு."

துணியில் கோடு போடும் நீலக் கட்டி ஒன்றைக்
கேட்டு வாங்கி வந்தேன்.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
கயிற்றிலிருந்து நாற்பத்து நான்கு கெஜம்.
பந்து நிற்கும் இடத்துக்கு நேர் பக்கத்தில்
அந்த நீலத்தை வைத்தேன்.
"பந்தை மறந்துடு. இத்த மட்டும் மிதி."
"இன்னாடா புச்சா கத வுடற" என்றான்.
ஆனாலும் மிதித்தான்.

அதுவரை பொத்தென்று கேட்கும்.
அன்றைக்கு,
கத்தரி வைத்து ஒரே இழுப்பில் கிழிக்கும்போது
காடாத்துணி போடுமே, அந்தச் சத்தம்.
நிமிர்ந்து பார்த்தேன், முதல் முறையாக.
கயிறு, கம்பம், முள்வேலி, மதில்,
எதையும் கேட்காமல் போய்
கும்மிடிப்பூண்டிப் பக்கம் நகர்ந்த கூட்ஸ் வண்டியின்
திறந்த பெட்டிக்குள் விழுந்தது
எங்களிடமிருந்த ஒரே பந்து.

"எவ்ளோ இருக்கும்?" என்றான் டில்லிபாபு.
யாரும் பதில் சொல்லவில்லை.
வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை, புதுப் பந்துக்குத்
தலைக்கு முந்நூறு வசூலிக்கக் கடைக்குப் போனேன்.
பூனம் சேலையெல்லாம் தரையில்.
அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்,
இடது காலை நீட்டி.
முதலாளி முறைத்துக்கொண்டிருந்தார்.