யன்னல் உள்ள அறை

குலேந்திரன் ஸ்காபரோவிலிருந்து அனுப்பியிருக்கிறான்
கப்பலின் குறுக்குவெட்டுப் படம்.
பதினாறு தட்டு. எட்டாம் தட்டில்
சிவப்பாய் ஒரு புள்ளி:
"அக்கா, இது உங்கட அறை."
இரண்டு விரலை விரித்துப் புள்ளியைப் பெருப்பிக்கிறேன்.
கட்டில். அலுமாரி. குளியலறை.
கடல் இல்லை.

"உள்ளறை" என்கிறான்.
"அரைவாசி விலை. நித்திரை கொள்ளத்தானே."

மின்கட்டணத் துண்டைப் படித்துக்கொண்டிருந்த தவநாதர்
கண்ணாடிக்கு மேலால் கைபேசியைப் பார்க்கிறார்.
"யன்னலில்லாத அறையில நாங்கள்
தொண்ணூறிலேயே இருந்திட்டம் தம்பி.
கிணத்தடிக்குப் பக்கத்தில, பனங்குத்தி அடுக்கி.
அதுக்கு ஒருத்தரும் காசு கேக்கேல்லை."

ஒஸ்லோவிலிருந்து பவளம் சிரிக்கிறாள்.
சிரிப்பு வாயசைவுக்குப் பிந்தி
கொக்குவிலுக்கு வந்து சேர்கிறது.

பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கோடு கீறினேன்.
சிங்கப்பூர், கிள்ளான், பினாங்கு, புக்கெட், சைகோன்,
திரும்பச் சிங்கப்பூர். பதினொரு இரவு.
கனடாவுக்கு ஒரு நிரல், நோர்வேக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.
அவர்களின் நிரல்களில் சரி சரி சரி என்று
பேனா தன்பாட்டில் இறங்கியது.
எங்கள் நிரலில் நின்று நின்று போனது:
கேட்க வேணும்,
வங்கிக் கூற்று வேணும்,
காணி உறுதியின் பிரதி வேணும்
(கப்பலில் போகிறவளுக்குக் காணி எதற்கு?
திரும்பி வருவாள் என்பதற்கு),
படம் வேணும், வெள்ளைப் பின்னணி, காது தெரிய.

ஸ்ரான்லி வீதிப் பயண முகவர் நிலையத்தில்
வித்தகி என்றொரு பிள்ளை பொறுமையாய் விளங்கப்படுத்தினாள்:
"இறங்க விடாத இடத்தில நீங்கள்
கப்பலிலேயே இருக்கலாம் அன்ரி. சாப்பாடு இருக்கும்.
கடலில முந்திப் போயிருக்கிறியளோ?"

போயிருக்கிறேன்.
பாதை பூட்டியிருந்த வருடம்,
பித்தப்பையில் கல்லோடு,
காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு.
அதற்கும் படிவம். அதற்கும் படம். அதற்கும் காது தெரிய.
மூன்று மாதம் கழித்துப் பெயர் வந்தது,
பட்டியலில் எழுத்துப் பிழையோடு.
என் பையின் மேலேயே நான் குந்தியிருந்தேன்.
கரை தெரியாத தூரத்தால் போனார்கள்.
கண்ணுக்கு முன்னால் எத்தனை பேரின் வயிறு புரண்டது என்று
எண்ணத் தொடங்கி, என் முறை வந்ததும் விட்டுவிட்டேன்.
கொடிகாமத்துக்காரி ஒருத்தி
பாதித் தேசிக்காய் நீட்டினாள். மணந்துகொண்டே போனேன்.
அவளிடம் பெயர் கேட்கவில்லை.

வித்தகியிடம் இவ்வளவும் சொல்லவில்லை.
"ஓம் பிள்ளை, ஒருக்கா" என்றேன்.

இரவு பவளம் பட்டியல் அனுப்பினாள்:
கப்டன் விருந்துக்கு நல்ல சீலை,
நீச்சலுடை (நான் பதில் போடவில்லை),
சூரியக் களிம்பு, தலைச்சுற்றுக் குளிசை.
கீழே நான் சேர்த்தேன்: தேசிக்காய், பத்து.

இப்போது எனக்குச் சைகோன்தான் பிடித்திருக்கிறது,
கேள்விக்குறி பெரிதாய் இருக்கும் இடம்.
தம்பியும் தங்கையும் தொப்பி போட்டு இறங்கிப் போனபின்
மூவாயிரம் பேர் விட்டுப்போன கப்பலில்
ஏழாம் தட்டிலிருந்து பதினாறு வரை
படியாலேயே ஏறுவேன். ஒருத்தரும்
எங்க போறாய் என்று கேளாத படி.

ஆனால் அறை விஷயம் கிடந்தது.
வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்.
கச்சேரியில் முப்பத்தொரு வருடம்
மற்றவர்களின் காணிக்கு முத்திரை குத்திய
ஓய்வுக் காசிலிருந்து எடுத்துக் கட்டினேன்.
குலேந்திரனுக்குச் சொல்லவில்லை. சிவப்புப் புள்ளி
தானாய் ஓரத்துக்கு நகரட்டும்.

பற்றுச்சீட்டை மடிக்கும்போது
தவநாதர் முதல்தடவையாகப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்:
"யன்னல் திறக்குமோ?"

"திறக்காது அங்கிள். தடிச்ச கண்ணாடி."

கொஞ்சம் யோசித்தார்.
"சரி. உடையாதுதானே?"