இரண்டு மீட்டர் கூடுதல் கம்பி

ஸிம்னா என்றால் குளிர்ந்தவள்.
எங்கள் போலிஷில் மலை பெண்பால்.
அறுநூறு மீட்டருக்கு ஆறு குறைவுதான் இவள் உயரம்;
ஆனாலும் வருடத்தில் பாதிக்கு மேல்
தலையோடு மேகத்தைப் போர்த்திக்கொண்டு
யாருக்கும் முகம் காட்டமாட்டாள்.

வடக்குச் சரிவில் மரமில்லை, மண்ணில்லை.
உடைந்த படிகப்பாறை மட்டும்,
யாரோ இடிக்கத் தொடங்கி
பாதியில் எழுந்துபோனது மாதிரி.
விரிசலில் நீர் உறைந்து பிளந்தது என்கிறது பலகை.
சாத்தான் சுமந்துவந்த மூட்டை
சேவல் கூவியதும் அவிழ்ந்துவிட்டது என்கிறாள்
பலகைக்குக் கீழே உட்கார்ந்து
சீட்டுக் கிழிக்கும் ஸெனோபியா.
எதை நம்பினாலும் ஒரே சத்தம்:
கால் வைத்தால் ஒரு கல் உருளும்,
கீழே எங்கோ இன்னொன்று பதில் சொல்லும்.

உச்சியில் மடம்.
முதலில் ஏறிய துறவிகள்
ஓர் எலும்புத் துண்டோடு வந்தார்களாம்.
எலும்பு யாருடையது என்பதற்கு மூன்று கதை உண்டு.
சுண்ணாம்பு எந்தச் சூளையில் வாங்கியது என்பதற்கு
ரசீதே உண்டு.
ஸ்வீடன் படை வந்து வெள்ளியை எடுத்தது.
ஜாரின் ஆட்கள் வந்து துறவிகளை எடுத்தார்கள்,
ஜன்னல்களுக்குக் கம்பி வைத்தார்கள்.
ஜெபித்த அறையைச் சிறையாக்க
ஒரு சுவரைக்கூட நகர்த்த வேண்டியிருக்கவில்லை.
பிறகொரு போரில் மணியும் உருகிப்போனது.
துறவிகள் திரும்பிவந்தபோது
கம்பிகளை அறுத்தார்கள்,
சுவர்களுக்கு வெள்ளை பூசினார்கள்.

நான் அதற்கெல்லாம் பிந்தியவள்.
மடத்துக்கு நூறடி தள்ளி நிற்கும்
ஒளிபரப்புக் கோபுரத்தில் எலக்ட்ரீஷியன்.
சமவெளியின் நாற்பது ஊர்களுக்கு
வானிலை அறிக்கை எங்கள் வழியாகத்தான் போகிறது.
எங்கள் வானிலை எங்களுக்குத் தெரியும்: வெள்ளை.

நவம்பரில் சகோதரர் கௌதென்டி
பனிமண்வெட்டியோடு வந்து கதவைத் தட்டினார்.
காப்பீட்டுக்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டானாம்,
ஒவ்வோர் அறையிலும் புகை மணி வேண்டும்.
"மணி வேண்டும் என்று எழுபது வருடமாக ஜெபித்தோம்" என்றார்,
"அளவைச் சொல்ல மறந்துவிட்டோம்."

பதினேழாம் அறை.
துளைக்கருவியை வைத்ததும்
பூச்சு ஒரு தட்டளவு பெயர்ந்து விழுந்தது.
உள்ளே, ஆணியால் கீறிய பெயர்: வெர்பா.
ஓர் ஆண்டு, கடைசி எண் எட்டோ மூன்றோ.
அதன் கீழே பதினொரு கோடுகள்.

பதினொரு நாள் தண்டனைக்கு
யாரையும் இந்த மலை ஏற்றமாட்டார்கள்.
மாதங்களா? அடிகளா? இறந்த நண்பர்களா?
சகோதரர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்,
ஜெபமாலை எண்ணுகிறவர் அல்லவா,
பதினொன்றுதான்.

தூசியில் எனக்கு மூச்சு முட்டியது.
ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன்.
வழக்கமான பால்.
மூடப்போகும் நேரம்,
மேகம் ஒரு பக்கமாக இழுபட்டது:
கீழே, அவ்வளவு பக்கத்தில், சமவெளி.
ஆறு. தகரக் கூரைகள்.
பீட்ரூட் மூட்டைகளோடு ஒரு டிராக்டர்,
அதன் பின்னால் ஓடும் நாயின் நிறம்கூடத் தெரிந்தது.

"பன்னிரண்டு," என்றேன்.
ஏன் சொன்னேன் என்று யோசிப்பதற்குள்
சகோதரர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு
என் பக்கத்தில் வந்து நின்றார்.
அதற்குள் மூடிக்கொண்டது.

துளையை ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.
கம்பி அந்த இடத்தைச் சுற்றி வளைந்துபோகிறது,
இரண்டு மீட்டர் கூடுதல்.
காரணம் என்ற கட்டத்தில்
'சுவரில் ஈரம்' என்று எழுதினேன்.
காய்ந்த சுவரில் காகிதத்தை வைத்து
கையெழுத்துப் போட்டார் கௌதென்டி.